எங்கள் கொல்லையில் நண்டுச் சமாதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் போய்விட்டது. காகிதத்தை எடுத்தால் இரண்டு பயம் வரும். முதலாவது, இதில் சாமி விஷயம் கலந்திருக்கிறது. கேலியாகச் சொன்னால் அபசாரம். பயபக்தியோடு சொன்னால் பொய். இரண்டாவது, நான் நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மைலாப்பூரில் கோயில் வாசலில் தேங்காய், பழம், கற்பூரம் விற்கிறவனுக்கு எழுத்து எதற்கு என்று இருந்துவிட்டேன்.

போன ஆனியில் டிராமில் வரும்போது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "நம்ம மைலாப்பூர்ல ஒரு வூட்ல நண்டு ஒண்ணு ஜீவசமாதி ஆயி, ஒரு மண்டலம் கழிச்சி எழுந்து வந்து பஞ்சாட்சரம் சொல்லிச்சாம்பா."

அது என் வீட்டு நண்டு. அது பஞ்சாட்சரம் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே தம்பி. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் அவள்தான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள். அவன் மீசை அரும்பியதும் ஹார்பருக்குப் போய்க் கலாசியாகக் கப்பலேறிவிட்டான். அந்தமான், நிக்கோபார், ரங்கூன் என்று கொப்பரை ஏற்றுகிற கப்பலில் சுற்றுவான். எப்போதாவது வருவான். வரும்போது கையை வீசிக்கொண்டு வரமாட்டான். ஒரு தரம் பர்மாக் குடை கொண்டுவந்தான். ஒரு தரம் கிளி. அது சாகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வருஷம் ஆவணி மாசத்தில், வாயில் கம்பி வலை கட்டிய மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். டின்னுக்குள் யாரோ ஆணியால் கீறுகிற மாதிரி சத்தம்.

"இன்னாடா இது?" என்றாள் என் மனைவி.

"நண்டுக்கா."

"கற்பூரம் விக்கிற வூட்ல நண்டா? வெளிய எடு மொதல்ல."

"துன்றதுக்கு இல்லக்கா, வளக்கறதுக்கு. ஒரு தொர கேட்டுக்கிறான். ஊர்ல இல்லாத பிராணியா பாத்து வளக்கற பைத்தியம் அவனுக்கு. இப்ப ஊட்டியில கீறான். தீபாவளிக்கு முன்னால நான் வந்துடுவேன். வந்து அவன்கிட்ட குடுத்துடறேன்."

"இன்னாடா துன்னும்?" என்று நான் கேட்டேன்.

"தேங்கா, மாமா. உன் கடைக்குன்னே பொறந்துக்குது."

சாயங்காலமே கப்பலுக்குத் திரும்பிவிட்டான். வாசற்படி இறங்கும்போது திரும்பி, "அத்த நல்லா பாத்துக்கோக்கா. நான்னு நெனச்சிப் பாத்துக்கோ" என்று சொல்லிச் சிரித்தான். கப்பல்காரன் வாய், எதையும் சொல்லும். ஆனால் என் மனைவி சிரிக்கவில்லை. தம்பி விஷயத்தில் அவளுக்குச் சிரிப்பு வராது.

நாங்கள் இருந்தது மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பல குடித்தனங்கள் இருந்த வீடு. எல்லோருக்கும் ஒரே கிணறு, ஒரே கொல்லை. ஆகவே கொல்லையில் டின்னைத் திறந்தபோது வீடே கூடிவிட்டது. உள்ளேயிருந்து வந்தது நாங்கள் நண்டு என்று நினைத்திருந்த எதுவும் இல்லை. காலை விரித்தால் முறம் அகலம். ஊதாவும் கருஞ்சிவப்புமாக நிறம். முன்னால் இரண்டு கொடுக்கு. அதில் இடது கொடுக்கு பெரியது, என் கை மணிக்கட்டை ஒரு வாயில் வாங்கும். நீளமாக மீசை வேறு.

முன்கட்டில் குடியிருந்த பென்ஷன்காரர், ஏதோ சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஓய், இது நண்டு இல்லே. தேள் ஜாதி. தூங்கறச்சே மேலே ஏறிண்டா என்ன பண்ணுவீர்?"

"கொட்றதுக்கு வால் இல்லீங்களே," என்றேன்.

"மடிச்சு வெச்சுண்டிருக்கு. சமயம் வரச்சே எடுக்கும்."

அந்தச் சந்தில் மீன் விற்றுக்கொண்டு போகிற அம்மாளை ஒருவர் கூப்பிட்டுவிட்டார். எங்கள் வீட்டு வாசலில் அவள் கூடை நின்றது அதுதான் முதல் தரம். அவள் இடுப்பில் கைவைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, இத்த எங்க புட்ச்ச? நண்டுன்னா அகலமா இருக்கும். இது நீட்டமா கீது. எறாலும் இல்ல. கடலோரம் சங்கைத் தூக்கிக்கினு ஓடுமே ஒரு பொடிசு, அதும் பெரியப்பன் மாதிரி கீது. பயந்துகினு கீது பாவம். தண்ணில வுடு, சரியாப் பூடும்."

பெரியப்பன் என்று அவள் சொன்னது சரி என்று பின்னால் தோன்றியது. தண்ணீர் என்று சொன்னது சரியில்லை. துணி தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த தொட்டியில் விட்டோம். நண்டு நீந்தும் என்று எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அது கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்து, சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி, கடைசியில் துவண்டுபோயிற்று. தண்ணீரில் மூழ்கிச் சாகிற நண்டை அன்றைக்குத்தான் கண்டேன். என் மனைவி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, கொடுக்குக்குப் பயப்படாமல் முதுகைப் பிடித்துத் தூக்கி வெளியே போட்டாள். நனைந்த சாக்கைப் போர்த்தினாள். மத்தியானத்துக்குமேல் மீசை ஆடியது.

"என் தம்பிய முழுக அடிக்கப் பாத்தீங்களே," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சொன்ன வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை.

அதன்பிறகு ஈரச் சாக்கும், குடிக்க ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீரும், கடையில் கழிந்த தேங்காயுமாக அது வளர்ந்தது. மட்டையோடு காய் கொடுத்தால் நாரை இழை இழையாகப் பிய்க்கும். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் உரிக்கிற காயை அது நாள்கணக்கில் உரிக்கும். அதிலும் குடுமியைத்தான் முதலில் பிடுங்கும், கண் அங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். குடுமி இல்லாத காய் அர்ச்சனைக்கு ஆகாது. ஆகவே தொழிலில் அதைக் கூட்டுச் சேர்க்க முடியவில்லை.

தேங்காய் தின்கிறது, வாழைப்பழம் தின்கிறது, பழைய சோறு தின்கிறது. இது சைவ நண்டு என்று என் மனைவி தீர்த்துவிட்டாள். கும்பகோணத்துப் பக்கம் நண்டு சிவபூஜை செய்த தலம் ஒன்று உண்டு. அதைக் கதாகாலட்சேபத்தில் கேட்டிருந்தாள். "அம்பாள் மயிலா வந்து பூஜை பண்ண ஊர்ல நண்டுக்கு ஒரு எடம் கூடாதா?" என்று கேட்டாள்.

ஒரு வாரம்கூட அந்தப் பெயர் நிற்கவில்லை. ஒரு காலையில் டின்னுக்குப் பக்கத்தில் பாதிப் பெருச்சாளி கிடந்தது. மீதிப் பாதியை நண்டு நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையாரின் வாகனத்தைத் தின்ற சிவபக்தனை என்ன செய்வது? நான் மனைவியைப் பார்த்தேன்.

"வண்டியத்தானே துன்னுச்சு," என்றாள். "ஓட்றவர ஒண்ணும் பண்ணலியே."

பளபளப்பாக எதைக் கண்டாலும் தூக்கிக்கொண்டு போகும் குணமும் அதற்கு இருந்தது. ஒரு நாள் பென்ஷன்காரர் ஈர வேஷ்டியோடு வந்து நின்றார்.

"ஓய், உங்காத்து நண்டு எங்காத்து உத்தரணியைத் தூக்கிண்டு போயிடுத்து. சந்தி பண்ண உட்கார்ந்திருக்கேன், கண்ணெதிர்ல வந்து எடுத்துண்டு போறது."

முருங்கை மரத்தடியில் போய்ப் பிடுங்கினோம். கொடுக்கு விடுவதாக இல்லை. வயிற்றில் மடித்து வைத்திருந்த அந்த வாலில் ஈர்க்குச்சியால் கிச்சுக்கிச்சு மூட்டினால் விடும் என்று என் மனைவி கண்டுபிடித்திருந்தாள். உத்தரணி, அந்தச் சின்னப் பூஜைக் கரண்டி, வளைந்துபோய்த் திரும்பி வந்தது.

புரட்டாசி முடிகிற சமயம் அதன் நடவடிக்கை மாறியது. தின்பது குறைந்தது. கொல்லை மூலையில், கிணற்றுக் கைப்பிடிச் சுவரைச் சரிசெய்ய வீட்டுக்காரர் கொட்டி வைத்திருந்த மணல் குவியல் இருந்தது. அதையே சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு நாள் டின் காலி. மணலில் ஒரு பள்ளம், அதன்மேல் சரிந்த மணல். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

மழையோடு புயல் செய்தியும் வந்தது. தீபாவளி வந்தது, தம்பி வரவில்லை. அவனுக்கென்று எடுத்த வேஷ்டியில் என் மனைவி மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அது அப்படியே இருந்தது. நான் டிராம் ஏறி ஹார்பருக்குப் போய் விசாரித்தேன். அங்கே இருந்த பியூன், "அந்தக் கப்பலா? வந்தா வரும்," என்றான். அவன்மேல் குற்றமில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது என் மனைவி மணலுக்கு எதிரில் குந்தியிருந்தாள்.

"நான்னு நெனச்சிப் பாத்துக்கோன்னு சொன்னான் இல்ல," என்றாள். "இது மண்ணுக்குள்ள பூட்டுச்சி. அவனும் பூட்டான்."

"அது நண்டு. அவன் ஆளு. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடறே?"

"முடிச்சுப் போட்டவன் அவன்."

அதற்கப்புறம் அவள் சாப்பிடுவதாகப் பெயர் பண்ணுவாள். சோற்றைப் பிசைந்து, பிசைந்து, வைத்துவிடுவாள். ஒரு சமயம் தோண்டிப் பார்த்துவிடலாம் என்பாள். நான் மண்வெட்டி எடுக்கப் போனால் வேண்டாம் என்பாள். உள்ளே செத்த நண்டு இருந்தால் அன்றோடு அவள் தம்பிக்குக் காரியம் செய்ததாகிவிடும். எனக்கும் கை வரவில்லை.

இந்த நேரத்தில்தான் பென்ஷன்காரர் வாயைத் திறந்தார்.

"ஓய், இது ஜீவசமாதி. சாமான்யப் பிராணி இல்லே அது. உத்தரணியைத் தூக்கிண்டு போச்சே, அப்பவே எனக்குப் பொறி தட்டித்து. சந்தியாவந்தனம் பண்ணத்தான் எடுத்துண்டு போயிருக்கு. நாமதான் பிடுங்கிண்டோம்."

"பெருச்சாளி?" என்றேன்.

"பூர்வ ஜென்ம வாசனை. அது கழிஞ்சதும் அடங்கிடுத்து."

மறுநாள் மணல்மேல் பூ விழுந்தது. அதற்கு மறுநாள் மஞ்சள், குங்குமம். மழைக்கு மறைவாக யாரோ ஒரு கீற்று கட்டினார்கள். நடுக்கட்டில் குடியிருந்த அம்மாள் ஒரு சின்னப் பித்தளை விளக்கு கொண்டுவந்து வைத்தாள். பிறகு அடுத்த சந்திலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். உடைக்கிற தேங்காய் என் கடையிலிருந்தே போயிற்று. எனக்கு அந்தச் சமாதியில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் விளக்கில் எண்ணெய் குறைந்தால் ஊற்றினேன். சமாதி என்று பெயர் இருக்கும்வரை யாரும் தோண்ட மாட்டார்கள். தோண்டாதவரை என் மச்சான் உயிரோடு இருப்பான். என் பக்தி அவ்வளவுதான்.

கார்த்திகை மழையில் கிணற்றுக் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இடிந்து உள்ளே விழுந்தது. வீட்டுக்காரர் சிந்தாதிரிப்பேட்டையில் மரக்கடை வைத்திருந்தவர். கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு நேராகக் கொல்லைக்கு வந்தார். வந்தவர் கீற்றையும் விளக்கையும் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாய்யா இது? என் கொல்ல, என் மணலு. எவன்யா இதுல கோயில் கட்டனது?"

"கோயில் இல்லே, சமாதி," என்று பென்ஷன்காரர் குடையோடு மணலுக்கு முன்னால் வந்து நின்றார். "தோண்டப்படாது."

"யார் சமாதி?"

"நண்டோடது."

வீட்டுக்காரர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் வானத்தைப் பார்த்தான்.

"சாமி, நீங்க படிச்சவரு. நண்டு செத்தா கொழம்பு வெப்பாங்க. சமாதி வெப்பாங்களா? கெணத்துல ஒரு கொழந்த வுழுந்தா யார் பதில் சொல்றது? டேய், வெட்ரா."

கொத்தனார் மண்வெட்டியை ஓங்கினான். அப்போது சமையல்கட்டிலிருந்து என் மனைவி வந்தாள். அவளுக்கு வழிவிட்டு எல்லோரும் விலகினார்கள். அழுது சமாதியைக் காப்பாற்றப் போகிறாள் என்று பென்ஷன்காரர் நினைத்தார். தோண்டு என்று சொல்லப் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

"ஐயா," என்று வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள், "இது சமாதியும் இல்ல, கோயிலும் இல்ல. என் தம்பி குடுத்துட்டுப் போன பிராணி உள்ள கீது. செத்துச்சா பொழைச்சுதா தெரியல. அவனும் அப்படித்தான் எங்கியோ கீறான். இத்தத் தோண்டிப் பாத்து அவனத் தெரிஞ்சிக்க எனக்கு வாணாம். வந்தா வரட்டும். அந்தப் பக்கத்து மணல எடுத்துக்குங்க. இந்தப் பக்கம் மட்டும் வுட்டுடுங்க. செவுத்துக்குப் பத்தலன்னா நான் கூடையில சொமந்தாந்து கொட்றேன்."

வீட்டுக்காரர் குனிந்து கீற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கொத்தனாரிடம், "டேய், அந்தாண்ட எடு. பாத்து எடு," என்றார். போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாக, "அந்த வெளக்க யாருனா தட்டிவுட்டா கீத்துல நெருப்புப் புடிக்கும், பாத்துக்க," என்றார். கைப்பிடிச் சுவர் எழும்பியது. மூலையில் ஒரு கூறு மணல் மட்டும் மிஞ்சியது.

மார்கழியில், திருவாதிரை முடிந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ (திருவாதிரை அன்றே என்று சொல்கிறார்கள், அப்படியில்லை), குளிக்கக் கிணற்றடிக்குப் போனேன். விடிந்துவிட்டிருந்தது. சந்தில் பஜனைக் கோஷ்டி போய்க்கொண்டிருந்தது. மணலில் பள்ளம். விளக்கைக் காணோம்.

"சமாதி விளக்கைக்கூட விடறதில்லையே களவாணிப் பசங்க," என்று பென்ஷன்காரர் சத்தம் போட ஆரம்பித்தார்.

களவாணி தோய்க்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. உடம்பு வெளுத்து, காலெல்லாம் புதுசாக, அப்போதுதான் செய்து வைத்த மாதிரி இருந்தது. தன் சமாதிக்கு வைத்த விளக்கைப் பெரிய கொடுக்கில் பிடித்துக்கொண்டு, சின்னக் கொடுக்கால் எண்ணெய்த் திரியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. மணலைக் கிளறினால் பழைய ஓட்டின் துண்டுகள் இரண்டு மூன்று கிடைத்தன. மிச்சத்தை அதுவே தின்றிருக்க வேண்டும். பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி நண்டு ஓட்டை உரித்திருக்கிறது. அதற்குத்தான் மண்ணுக்குள் போயிருக்கிறது. நடந்தது இவ்வளவுதான். தோண்டியிருந்தால் அந்தப் பச்சை உடம்பு பிழைத்திருக்காது. அந்த வகையில் பென்ஷன்காரரின் சமாதிக்கு நான் கடமைப்பட்டவன்.

என் மனைவி வந்து பார்த்தாள். அழவில்லை, கும்பிடவில்லை. உள்ளே போய்ப் பழையதை எடுத்து வைத்துக்கொண்டு, நார்த்தங்காய் ஊறுகாயோடு ஒரு சட்டி சோற்றையும் சாப்பிட்டாள்.

எனக்கோ கவலை அப்போதுதான் ஆரம்பமாயிற்று. நண்டு வந்துவிட்டது, இனித் தம்பி வந்தாக வேண்டுமே. கடை திறப்பதற்கு முன் சந்நிதியில் போய் நின்றேன். கொஞ்சம் காட்டமாகத்தான் பேசினேன். "நண்டைக் காட்டிவிட்டாய். பாதியோடு நிறுத்தினால் என் வீட்டில் தாங்காது. உன் கணக்கு எனக்குத் தெரியாது, என் வீட்டுக்காரியை எனக்குத் தெரியும்" என்றேன். தினமும் போய் அதையே சொன்னேன்.

தை கடைசியில் ஒரு மத்தியானம் அவன் வந்தான். முன்பல் ஒன்று இல்லை. கப்பலுக்கு அடியில் சுழன்று அதைத் தள்ளுகிற காற்றாடி ஒடிந்து ரங்கூனில் மாதக்கணக்கில் கிடந்தார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவன், யாரிடமும் எழுதச் சொல்லவும் அவனுக்குத் தோன்றவில்லை. வாசற்படியில் நின்று அவன் கேட்ட முதல் கேள்வி:

"யக்கா, நண்டு கீதா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து அந்த முறத்தாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு முறத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

நண்டு கேட்ட துரை அதற்குள் சீமைக்குத் திரும்பிவிட்டிருந்தான். "நீயே வச்சிக்கோக்கா, வளத்தவ நீதானே," என்றான் தம்பி.

"வாணாம். எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வுட்டுடு. அது மண்ணுக்குள்ள போனா நீ செத்தன்னு அழுவறது, வெளிய வந்தா பொழைச்சன்னு துன்றது. ஒருத்தனுக்கே இவ்ளோ பயம் போதும்டா. ரெண்டு பேருக்கு என்னால முடியாது."

அதே டின்னில் அதே கம்பி வலையைக் கட்டினோம். நடுக்கட்டு அம்மாள் விளக்கைக் கேட்டாள். ஈர்க்குச்சி வித்தை அன்றைக்குப் பலிக்கவில்லை. புது உடம்பு, புதுப் பிடிவாதம். "போகட்டும் விடுங்கோ," என்றார் பென்ஷன்காரர். விளக்கும் நண்டோடு கப்பலேறியது.

அடுத்த தரம் வந்தபோது, தீவில் ஒரு தென்னந்தோப்பில் விட்டுவிட்டதாகச் சொன்னான்.

"திரும்பிப் பாத்துச்சாடா?" என்று அக்கா கேட்டாள்.

"எங்க பாக்கும்? வெளக்கத் தூக்கிக்கினு ஓடவே அதுக்கு சரியாப் போச்சு."

அவன் சொன்னான், நாங்கள் நம்பினோம். அவன் இன்றைக்கும் கப்பலில்தான் இருக்கிறான். சொன்ன மாசத்தில் வருவதில்லை. என் மனைவி கவலைப்படுகிறாள், ஆனால் சாப்பிடுகிறாள்.

படிக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது; சொன்னால் பொன் கொழிக்கும் என்றும் நான் எழுதவில்லை. யார் வீட்டிலாவது இப்படி ஒரு பிராணி வந்து சேர்ந்தால் தண்ணீரில் போடாதீர்கள், மண்ணுக்குள் போனால் தோண்டாதீர்கள், பித்தளைச் சாமானை உள்ளே எடுத்து வையுங்கள். நண்டு வந்ததும் தம்பி வந்ததும் வேறு வேறு சங்கதி. இரண்டையும் சேர்த்து நான் நன்றி சொன்னது எனக்கும் சாமிக்கும் நடுவில் உள்ளது. சொல்கிறபோது இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். நண்டுக்குக் கண் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். காதும் மூக்கும் நீங்கள் வைக்க வேண்டாம்.